ஒரு சொட்டுகூடச் சிந்தாமல்

என் அப்பா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ஒரு துணியை எடுத்துக்கொண்டு எதையாவது துடைக்க ஆரம்பித்துவிடுவார். கோபம் கூடினால் துடைத்ததையே மறுபடி துடைப்பார். மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் ஜன்னல் கம்பிகளில் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் தரம் பார்க்கிறவர். இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து விழும் பொருளை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, நல்லதைப் பச்சைத் தட்டிலும் சொத்தையைச் சிவப்புத் தட்டிலும் போடுவது வேலை. பத்து வருடம் தினம் எட்டு மணி நேரம் இதையே செய்கிற மனுஷன், வீட்டுக்கு வந்து தோசையையும் ஒரு கண்ணை மூடித்தான் பார்ப்பார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கம்பெனியில் ‘ஃபைவ் எஸ்’ என்று ஒரு பாடம் நடத்தினார்கள். வேண்டாததைக் களை, வேண்டியதற்கு ஓர் இடம் குறி, துடை, அதையே வழக்கமாக்கு என்று போகும் அந்தப் பாடம். ஓசூர்ப் பக்கம் எந்தத் தொழிற்சாலைச் சுவரிலும் இதை எழுதி வைத்திருப்பார்கள். எல்லோரும் படிப்பார்கள், ஷிஃப்ட் முடிந்ததும் மறந்துவிட்டு பஸ் ஏறுவார்கள். அப்பா மட்டும் அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்கு ஒரு மஞ்சள் வட்டம், புளி ஜாடிக்கு ஒரு மஞ்சள் வட்டம். வாசலில் மூன்று ஜோடிச் செருப்புக்கு மூன்று மஞ்சள் கட்டம். என்னுடையது சின்னது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பத்து வயதில் ஒரு வீட்டில் தனக்கென்று ஒரு கட்டம் இருப்பது லேசான விஷயமா?

அம்மாவுக்கும் கட்டத்துக்கும் ஒத்துவரவில்லை. அவள் வத்தலக்குண்டுப் பக்கம், எட்டுப் பேர் ஒரே சமயத்தில் பேசும் வீட்டில் வளர்ந்தவள். உப்பு ஜாடியைப் புளி வட்டத்தில் வைத்துவிடுவாள். அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பேசாமல் எடுத்து மாற்றி வைப்பார். சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேனே என்று அவள் பிற்காலத்தில் என்னிடம் சொன்னாள்.

அப்பாவை நிறுத்த ஒரு வழி மட்டும் இருந்தது. அவர் துடைக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் போகும்போது அம்மா வந்து, “போதும், விடுங்க” என்று கையிலிருந்து துணியை வாங்கிக்கொள்வாள். அவரும் தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி ஒருமுறை விழித்துவிட்டு, சரி என்று விட்டுவிடுவார். இது தினம் நடக்கும். அந்தக் கடைசி வருடத்தில் அம்மா அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

பிறகு சிவப்பு அட்டை வந்தது. ஒரு வருடமாகத் தொடாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டி, ஏழு நாளுக்குள் அது எதற்கு என்று சொல்ல முடியாவிட்டால் வெளியே அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. ஒரு லீவு நாளன்று அப்பா வீடு முழுக்க அட்டை கட்டினார். கம்பி ஒடிந்த குடைக்கு ஒன்று. எனக்குச் சின்னதாகிப் போன ஷூவுக்கு ஒன்று. கட்டிலுக்கு அடியில் இருந்த அம்மாவின் தகரப் பெட்டிக்கும் ஒன்று. அதில் அவளுடைய ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ்களும், பாதி பின்னிய ஒயர் கூடையும், அவளுடைய அப்பா எழுதிய கடிதங்களும் இருந்தன. எதற்கு என்று அவள் சொல்லவில்லை. ஏழாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறினாள். “பெட்டியை மாமா வீட்டுல வச்சிட்டு வந்துர்றேன்” என்று என்னிடம் சொன்னாள். விதிப்படி நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு டாட்டா காட்டினேன்.

நாற்பது நாள் ஆயிற்று. பெட்டியை வைக்க நாற்பது நாளா?

அந்த நாற்பது நாளும் எங்கள் வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சீப்பு சீப்பின் இடத்தில் இருந்தது, அதில் ஒரு நீள முடிகூடச் சிக்கியிருக்கவில்லை. ஒருநாள் நானே உப்பு ஜாடியைப் புளி வட்டத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அது உப்பு வட்டத்துக்குத் திரும்பியிருந்தது. அதற்குப் போய் அவ்வளவு அழுதேன். அம்மா இல்லாத வீட்டில் சோறு இருந்தது, சலவை செய்த யூனிஃபார்ம் இருந்தது, ஹோம்வொர்க்கில் கையெழுத்து இருந்தது, சத்தம்தான் இல்லை. ராயக்கோட்டை ரோட்டில் எங்கேயாவது கண்ணாடி வளையல் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். இன்றைக்கும் அந்த வீட்டை நினைத்தால் மனசுக்குள் ஒரு துடைத்த வாசனை வருகிறது.

நாற்பத்தோராம் நாள் மாமா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உட்கார்ந்து பேசலாம், நான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வருகிறேன் என்றால் பெட்டியோடு கூட்டிப் போய்விடுங்கள், அதனால் பஸ்ஸில் வராமல் காரிலேயே வாருங்கள் என்றார். இதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று போனில் காதை ஒட்டிக் கேட்டேன். அப்பா போனை வைத்துவிட்டு நேராக மஞ்சள் டேப்பை எடுத்தார். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில், வீட்டிலேயே நல்ல இடத்தில், முழங்காலிட்டு அளந்து ஒரு நீள்சதுரம் ஒட்டினார். பெட்டிக்கு. மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த பாஷை அது.

கார் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெள்ளைக் கார். ஐந்து பேர் ஏறினால் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு தவறாமல் அதற்குக் குளியல் உண்டு. ஆனால் அந்த நாற்பது நாளில் அப்பா முன்பக்க இடது சீட்டை மட்டும் தட்டித் துடைக்கவில்லை. அம்மா கடைசியாக உட்கார்ந்து தின்ற முறுக்கின் துகள்கள் அதன் இடுக்கில் அப்படியே கிடந்தன. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் துடைப்பத்தோடு போனேன்; வேண்டாம் பாப்பா என்று கதவைச் சாத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை காருக்கு அடியில் பச்சையாக ஒரு குளம் தேங்கியிருந்தது.

முதலில் பார்த்தது ஓனரம்மா. வீட்டுச் சொந்தக்காரியான அவர் கணவரோடு தெலுங்கிலும், பால்காரரோடு கன்னடத்திலும், எங்களோடு தமிழிலும் பேசுவார். வாசல் விஷயத்தில் மட்டும் மூன்றிலும் ஒரே கண்டிப்பு. விடியும் முன் சாணி தெளித்துப் போடுகிற கோலம் மாலைவரை கலையக்கூடாது. கார் நிற்க இடம் கொடுத்ததே பெரிய தயவு.

“என்னாங்க சார் இது? வாசல்ல பச்சத் தண்ணி நிக்குது. எங்க நாய்க்குட்டி நக்கப் பாத்துச்சு, நாந்தான் இழுத்துக் கட்டிப் போட்டேன்.”

அப்பா குனிந்து, விரலில் தொட்டு மோந்து பார்த்தார். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் தண்ணீர் அது. அதைத் தேக்கி வைக்கும் பிளாஸ்டிக் டேங்க், இரண்டு பாதியும் ஒட்டுகிற இடத்தில் முடியிழை அளவுக்குக் கீறியிருந்தது. அந்தத் தண்ணீர் இனிக்கும், நாய் குடித்தால் செத்துப்போகும் என்று அப்பா சொன்னதும் ஓனரம்மா நாய்க்குட்டியை வீட்டுக்குள்ளேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு நாயைவிட ஞாயிற்றுக்கிழமைதான் பெரிதாக இருந்தது. டேங்க் இல்லாமல் கார் போகாது. கார் போகாவிட்டால் பெட்டி வராது. பெட்டி வராவிட்டால்? அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

பாகலூர் ரோட்டில் எந்த மெக்கானிக்கிடம் விட்டாலும் அரை மணி நேர வேலை. ஆனால் மெக்கானிக் கிரீஸ் கையோடு ஸ்டியரிங்கைத் தொடுவான் என்பது அப்பாவின் கவலை. நானே மாற்றுகிறேன், இந்த வாசலிலேயே, ஒரு சொட்டுகூடக் கீழே விழாமல் என்று ஓனரம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். கம்பெனியில் பொழுதெல்லாம் இந்த மாதிரி டேங்க்கைக் கையில் வைத்துப் பார்க்கிற ஆளுக்கு அதை மாட்டுவது ஒரு வேலையா? உண்மையில் அவர் ஒரு டேங்க்கைக்கூடக் காரில் மாட்டியதில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு டேங்க்குகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதை வாங்காமல் போயிருந்தால் கடைக்காரர் அழுதிருப்பார்.

சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டு பனியன், லுங்கியோடு இறங்கினார். அந்த ஏற்பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காருக்கு அடியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்தார். யாருடையதோ பிறந்தநாள் வாழ்த்து; அந்த மனுஷர் கும்பிட்டுக்கொண்டு சிரித்தார். முகத்தில் சொட்டினால் நன்றாக இருக்காது என்று அப்பா அவரைக் குப்புறப் போட்டார். அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் பழைய துண்டு. ஓர் அட்டையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர், குறடு, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் எல்லாவற்றையும் வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் சுற்றி வரைந்து, எடுத்ததை அதே உருவத்தின் மேல் திருப்பி வைக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

இன்னொரு பாடமும் எடுத்தார். “இன்ஜின் சூடா இருக்கும்போது மட்டும் இந்த மூடியத் தொறக்கவே கூடாது, பாப்பா. உள்ள கொதிக்கிற தண்ணி மேல அடிச்சிரும்.” தலையாட்டினேன். முந்தின நாளிலிருந்து ஓடாத கார் அது. இருந்தாலும் புறங்கையால் நாலு இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திருகினார்.

சிரிஞ்சில் ஒரு துண்டு டியூப் மாட்டி டேங்க்கில் மிச்சமிருந்த பச்சைத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். நான் கழுத்தறுத்த தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு குறட்டால் கிளிப்பை நெருக்கி, தடித்த குழாயை அசைத்து அசைத்துக் கழற்றினார். கழன்ற நொடியில் குழாய் வாயில் ஒரு கேரட்டைச் செருகினார். ஆமாம், கேரட்தான், காலையிலேயே அளந்து செதுக்கி வைத்திருந்தார். மெல்லிய குழாய்க்கு என் ஸ்கெட்ச் பேனாவின் மூடி. இரண்டு குழாய்களும் கவிழ்ந்துவிடாமல் மேலே தூக்கி என் சிவப்பு ரிப்பனால் கட்டினார். இரண்டு போல்ட்டைக் கழற்றி, பழைய டேங்க்கைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி பிளாஸ்டிக் கவருக்குள் இறக்கினார். செய்தித்தாளில் ஈரம் இல்லை. ஓனரம்மா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “பரவால்லயே சார்” என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

புது டேங்க் உட்கார்ந்தது. போல்ட், குழாய்கள், கிளிப்கள். கேரட்டை அதன் உருவத்தின் மேல் வைத்தேன். டேங்க்கின் பக்கவாட்டில் இரண்டு கோடுகள் இருந்தன. தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு மேலேயும் மேல்கோட்டுக்குக் கீழேயும் நிற்க வேண்டும். அப்பா மேல்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி ஊற்றினார். மூடியை இறுக்கி இன்ஜினை ஓடவிட்டார். பதினைந்து நிமிடம் ஓடியது. ஒரு கசிவில்லை. வேலை முடிந்தது.

முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்பா குனிந்து டேங்க்கைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சூட்டில் தண்ணீர் கொஞ்சம் உப்பி, மேல்கோட்டைத் தாண்டி ஒரு நகக்கனம் ஏறி நின்றது. ஆறினால் தானாக இறங்கிவிடும். அது அவருக்கும் தெரியும். நிமிர்ந்தார். டேங்க்கின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுபடி குனிந்தார். அந்த நகக்கனம் அவரை விடவில்லை. சிரிஞ்சை எடுத்தார், துணியை நாலாக மடித்து மூடியின் மேல் வைத்தார். நான் சற்று முன் படித்த பாடத்தைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அரைத் திருகு திருகிவிட்டார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். மூடி துணியோடு பறந்தது. பச்சைத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி, பானட்டின் உள்பக்கத்தில் மோதி எல்லாத் திசையிலும் கொட்டியது. ஃப்ளெக்ஸைத் தாண்டி, செய்தித்தாளைத் தாண்டி, ஓனரம்மாவின் கோலத்தின் நடுவே ஓடி, துளசி மாடத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அப்பாவின் பனியன் பச்சை. மீசை பச்சை. வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் வந்து, வழுக்கி, அந்தக் குளத்திலேயே சப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“அய்யோ தேவுடா!” என்று ஓனரம்மா ஓடிவந்தார். இனி காரும் போச்சு, வீடும் போச்சு என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் கோலத்தைப் பார்க்கவில்லை. ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். “கைய நீட்டுங்க சார். வாசல் கெடக்குது, கழுவுனா போயிரும்.” முன்கை முழுக்கச் சிவந்து, இரண்டு இடத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது.

ஓனரம்மா மருந்து எடுக்க உள்ளே போனார். அப்பா எழுந்திருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பச்சைத் தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எட்டும் தூரத்தில் துண்டு கிடந்தது, எடுக்கவில்லை. எதையும் துடைக்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரிப்பு இல்லை.

“போதும் விடுங்கன்னு சொல்ல ஆளில்லாமப் போச்சே, பாப்பா” என்றார்.

நானும் அந்தத் தண்ணீரிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாவாடை நனைந்தது. அவ்வளவு அழுக்காக நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. எனக்கு அப்பாவை அந்த நிமிடம் பிடித்த மாதிரி வேறு எப்போதும் பிடித்ததில்லை.

பிறகு மூன்று பேருமாக வாசலைக் கழுவினோம். நாய்க்குட்டிக்காக இரண்டு முறை. கார் ஆறியதும் குறைந்த தண்ணீரை ஊற்றி மூடினார். இந்த முறை கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது, விட்டுவிட்டார். என் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னார்: “அம்மாகிட்ட இதச் சொல்லாத, என்ன? சிரிப்பா.” சத்தியம் செய்து கொடுத்தேன். அப்பா கேட்டு நான் செய்த முதல் சத்தியம் அது. உயிர் போனாலும் காப்பாற்றுவதென்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும்போதே கிளம்பினோம். அப்பா முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டியிருந்தார். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். முன்சீட்டுக்குத் திரும்பும்போது ஆள் வரப்போகிறதே. கிருஷ்ணகிரி டோல்கேட், தர்மபுரி, தொப்பூர்க் கணவாய். அப்பா ரோட்டைப் பாதியும் சூடு காட்டும் முள்ளைப் பாதியும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். முள் அசையவில்லை. வேலை அவ்வளவு நேர்த்தி. அம்மாவிடம் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று நான் வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். அப்பாவின் விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் அவள் போனாள் என்று எனக்கு அரைகுறையாகப் புரிந்திருந்தது. அதிலிருந்து நானாக ஒரு கணக்குப் போட்டேன்: அப்பா எவ்வளவு நேர்த்தியானவர் என்று எடுத்துச் சொன்னால் அம்மா மனசு மாறி வந்துவிடுவாள்.

மாமா வீட்டில் வழக்கம்போல எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் வலது கையை நீட்டப் போய், பாதியில் மடக்கி, இடது கையால் வாங்கினார். அம்மாவின் கண் அந்தச் சட்டைக் கையில் ஒரு நிமிடம் நின்றது. “பெட்டிக்குக் கூடத்துல எடம் போட்டாச்சு. டேப் ஒட்டியிருக்கேன்” என்றார் அப்பா. நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு பெண்டாட்டியிடம் பேசிய முதல் வார்த்தை! அப்பா முக்காலியில் கலைந்து கிடந்த செய்தித்தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

சாப்பாடு முடிந்ததும் அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், துவைகல்லில் உட்காரவைத்துத் தலை பின்னினாள். அவள் விரல் தலையில் பட்டதும் எனக்குத் தூக்கம் வந்துவிடும் போலிருந்தது. நாற்பத்தைந்து நாளாக நான் காத்திருந்தது அந்த விரல்களுக்குத்தான்.

“அப்பா கையில என்னடி?”

“ஒண்ணுமில்ல.”

“காருல ஏதோ கோளாறுன்னு மாமா சொன்னாரே?”

வாய்ப்பு கிடைத்துவிட்டது. ஒத்திகை பார்த்ததை எல்லாம் கொட்டினேன். மெக்கானிக்கிடம் போகவில்லை, வாசலிலேயே அப்பாவே டேங்க் மாற்றினார், ஃப்ளெக்ஸ் விரித்தார், அட்டையில் படம் வரைந்தார், கேரட்டைச் செருகினார். ஓனரம்மாவே பரவாயில்லை என்று சொன்னார். எல்லாம் உண்மை. கடைசியில், “கீழ ஒரு சொட்டுகூடச் சிந்தல” என்றேன்.

அம்மாவின் கை நின்றது.

“ஒரு சொட்டுகூடவா?”

“ஒரு சொட்டுகூட.”

பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, மிச்சப் பின்னலைப் பின்னி முடித்து, ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

அன்று மாலை நாங்கள் இரண்டு பேர்தான் திரும்பினோம். அம்மா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். முழுப் பரீட்சை முடிந்ததும் நான் அவளிடம் போய்விட்டேன். லீவுக்கு லீவு அப்பா வந்து கூட்டிப் போவார். யாரும் சண்டை போடவில்லை, யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் எனக்குக் குறையில்லை. இரண்டு வீட்டிலும் ஒரு ஆள் குறைந்தது, அவ்வளவுதான். சத்தியத்தை மட்டும் பதினைந்து வருடம் காப்பாற்றினேன். ஒருநாள் என் கணவர் காருக்கு அடியில் பச்சையாகத் தண்ணீர் நின்றதைப் பார்த்து மனசு தாங்காமல் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். “மீசையெல்லாமா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பச்சைத் தண்ணீரில் உட்கார்ந்து அப்பா சொன்ன அந்த வார்த்தைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன். “அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடி” என்றாள்.

ஒரு குடும்பம் கூலன்ட் தண்ணீரால் உடையவும் செய்யாது, ஒட்டவும் செய்யாது என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அவள் இரண்டாவது முறை கேட்டாளே, ஒரு சொட்டுகூடவா என்று? கொஞ்சம் சிந்தியது என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று எவ்வளவு ஏங்கிக் கேட்டிருக்கிறாள்! எனக்கு அது புரியவில்லை. அப்பாவுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்ற பெருமைதான் பொங்கியது. அவள் முடிச்சுப் போட்ட கையை எடுப்பதற்குள் துவைகல்லிலிருந்து குதித்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, அவள் ஏறுவதற்காகக் காரின் முன்கதவைத் திறந்து வைக்க ஓடினேன்.